தோலுக்கு நல்ல துவக்கு

என் மனைவியின் தம்பி வேட்டைத் துவக்கு வாங்கப்போகிறான் என்று கேள்விப்பட்டபோது எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. துவக்குக்குப் பயந்து கடல் தாண்டி ஓடிவந்த ஆட்கள் நாங்கள். அவன் இங்கே வந்து இறங்கிய புதிதில், வழக்கறிஞரின் அறையில், வாழ்நாளில் துவக்கைக் கையால் தொட்டதில்லை என்று அவன் சொன்னதைப் பிரெஞ்சில் சொன்னவன் நான். பதினாறு வருடம் கழித்து அதே ஆள், மொன்ட்ரியாலுக்குப் பக்கத்தில் டொலார்-டெஸ்-ஓர்மோவில் இருக்கும் தன் வீட்டு பேஸ்மென்டில் என்னை இருத்தி, தேத்தண்ணீரும் தந்து, "எந்தத் துவக்கு அத்தான் தோலைப் பழுதாக்காது?" என்று கேட்டான்.

என்னிடம் கேட்டதில் நியாயம் இருந்தது. நகர நடுவில் ஒரு பழைய கட்டடத்தின் ஐந்தாம் மாடியில், ஃபர் கோட் தைக்கும் பட்டறையில் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிறேன். பதனிட்ட தோல் எங்களிடம் வரும். உரோமப் பக்கம் கீழே, தோல் பக்கம் மேலே இருக்கும்படி பலகையில் விரித்து, ஈரம் காட்டி, விளக்கின் கீழ் விரலால் தடவி ஓட்டைகளைத் தேடுவது என் முதல் வேலை. உரோமப் பக்கம் பார்த்தால் எல்லாத் தோலும் அழகுதான். மறுபக்கம்தான் நடந்ததைச் சொல்லும். துவக்குச் சன்னம் உள்ளே போன இடம், வெளியே வந்த இடம், பொறி இறுக்கிய இடம் எல்லாம் அங்கே இருக்கும். மிளகளவு ஓட்டை என்றால் அதைச் சுற்றிக் கண் வடிவத்தில் வெட்டி, இரண்டு கரையையும் சேர்த்துத் தைத்துவிடுவேன். கோட்டைப் போடுகிற பெண்ணுக்கு அது கடைசிவரை தெரியாது. உள்ளங்கையளவு ஓட்டை என்றால் அந்தத் தோல் துண்டு துண்டாகத் தொப்பி விளிம்புக்குப் போகும்.

வடக்கே மலைப்பக்கத்திலிருந்து கொயோட்டித் தோல் கொண்டுவரும் வியாபாரி ஒருவர், எந்த ஓட்டை எந்தத் துவக்கால் வந்தது என்று சொல்லிச் சொல்லித்தான் மேசையில் அடுக்குவார். நரிக்கும் ஓநாய்க்கும் நடுவில் நிற்கும் மிருகம் கொயோட்டி. கேட்டுக் கேட்டு எனக்கும் அந்தக் கணக்கு விளங்கிவிட்டது. சன்னத்தின் தடிப்பை வைத்துத்தான் துவக்குக்குப் பெயர், அங்குலத்தில் புள்ளிக்குப் பிறகு வரும் எண். இருநூற்று நாற்பத்து மூன்று மானுக்கானது. கொயோட்டியில் பட்டால் மறுபக்கம் ஒரு வாசலே திறக்கும். இருநூற்று இருபத்து மூன்று நடுத்தரம், போடுகிற சன்னத்தைப் பொறுத்தது. இருநூற்று நான்கு மெல்லியது, ஆனால் பேய் வேகம். உள்ளே போய் உடைந்து உள்ளேயே தங்கிவிடும். மிருகம் நின்ற இடத்தில் விழும். எனக்கு மூன்று தையல் வேலை.

இவை எல்லாவற்றிலும் சின்னது பதினேழு. தோட்டத்தில் வளை தோண்டும் சின்னப் பிராணிகளுக்காகச் செய்தது. பதினேழின் ஓட்டையை நான் தைத்தது குறைவு. என் மேசையில் அதைப் பெரும்பாலும் ஆறிய தழும்பாகத்தான் கண்டிருக்கிறேன். தழும்புக்கு நடுவில் நீலமாக ஈயத்துண்டு ஒட்டியிருக்கும். அடிபட்டு, ஓடி, அந்தப் புண்ணோடு ஒரு குளிர்காலத்தைக் கழித்து, பிறகு வேறொருவனின் பொறியில் மாட்டிச் செத்த மிருகம் அது. ஆகவே மச்சான் கேட்ட கேள்விக்கு மொன்ட்ரியாலில் என்னைவிடச் சரியாகப் பதில் சொல்லக்கூடிய தமிழன் இல்லை.

அந்தப் பதிலை நான் ஏன் சொல்லவில்லை என்பதற்கு அவன் புது வீட்டுக் குடிபூரலுக்குத் திரும்பிப் போகவேண்டும். ஐயர் வந்து, பால் காய்ச்சி, சனம் நிறைந்து நின்ற நேரம் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். எங்கள் ஆட்களின் கார்கள் அவருடைய வாசலை மறித்து நின்றன. "அத்தானைக் கூப்பிடுங்கோ" என்றார்கள். எங்கள் குடும்பத்தில் பிரெஞ்சு என்றால் நான்தான். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், வரிக் கடிதம், பொலிஸ், வாடகைத் தகராறு, எதுவென்றாலும் நான்தான். முக்கால் மணித்தியாலம் தெருவில் நின்று அந்த மனிதரைச் சமாதானப்படுத்தி, கார்களை ஒவ்வொன்றாக எடுப்பித்துவிட்டு உள்ளே வந்தால் முதல் பந்தி முடிந்துவிட்டது. மச்சானின் நண்பன் ஒருவன் என்னைக் காட்டி, "இவர் என்ன செய்யிறார்?" என்று கேட்டான்.

"அத்தானோ? தோல் வேலை" என்று சொல்லி மச்சான் சிரித்தான். சுற்றி நின்ற எல்லாரும் சிரித்தார்கள்.

ஊரில் தோலைத் தொட்டு வேலை செய்தவர்களை எங்கள் ஆட்கள் எந்த வாசலோடு நிறுத்தினார்கள் என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன். அந்தப் பேச்சு என்னைச் சுட்டதே என் புத்தியும் அவர்களுடைய புத்திதான் என்பதைக் காட்டுகிறது. அதையெல்லாம் அப்போது நான் யோசிக்கவில்லை. வயிறு எரிந்தது, அவ்வளவுதான். அதன்பிறகு ஐந்து வருடம் அவனுக்காகக் கதைக்கப் போன ஒவ்வோர் இடத்திலும் எரிந்தது.

அவன் சன்னல் நிலைகள் செய்யும் பட்டறை ஒன்றில் அலுமினியம் அறுக்கும் வாளில் நிற்கிறான். பதினான்கு வருடம். வலது தோள் தேய்ந்துவிட்டது. இன்னும் இரண்டு குளிர்காலத்துக்கு மேல் அந்தத் தோள் வாளோடு தாங்காது என்று டாக்டர் சொன்னதை அவனுக்குத் தமிழில் சொன்னவனும் நான்தான். வேறு வேலை அவனுக்குத் தெரியாது. பிரெஞ்சில் முப்பது சொல், பட்டறை ஆங்கிலம் கொஞ்சம், மிச்சமெல்லாம் கைப்பாஷை. அப்படியிருக்க, பட்டறையின் ஃபோர்மன் அந்த வருடத்தோடு ஓய்வு எடுக்கிறார் என்று கதை வந்தது. ஃபோர்மனுக்கு வாளைத் தொடத் தேவையில்லை. அந்த இடம் கிடைத்தால் தோள் தப்பும். கிடைக்காவிட்டால் கை தொங்கிப்போய் வீட்டில் இருக்கவேண்டியதுதான்.

முதலாளி ஒரு கியூபெக்காரர், அதிகம் பேசாத மனிதர். யாரைத் தன்னோடு வேட்டைக்குக் கூட்டிப்போகிறாரோ அவரைத்தான் மேலே எடுப்பார் என்று பட்டறையில் எல்லாரும் சொல்வார்கள். பனியில் ஒருநாள் கூட இருந்தால் ஒருவனைத் தெரிந்துவிடும் என்பது அவருடைய எண்ணம். மச்சானைக் கூப்பிட்டார். தமிழரில் அவர் கூப்பிட்ட முதல் ஆள் அவன்தான். லைசென்ஸ் எடுத்துக்கொண்டு மாசி மாதம் வா, கொயோட்டிக்குப் போவோம் என்றார். தோலைக் கிழிக்கிறவன் வேட்டைக்காரன் இல்லை, இறைச்சிக்கடைக்காரன் என்றும் சொன்னார். மச்சானின் மண்டைக்குள் அந்த ஒரு வசனம் மட்டும் நன்றாக இறங்கிவிட்டது.

வகுப்புக்குப் போனான், பரீட்சை எழுதினான், படிவங்களை நான் நிரப்பினேன். என் மனைவி ஆரம்பத்தில், "துவக்குக்காரங்களுக்குப் பயந்து வந்துபோட்டு இப்ப கடையில போய் வாங்கிறானோ?" என்று புறுபுறுத்தாள். பிறகு தோள் விசயம் தெரிந்ததும் வெள்ளிக்கிழமை தவறாமல் சென்-ரெஜிஸ் தெரு முருகன் கோயிலுக்கு விளக்கேற்றப் போனாள். தம்பிக்கு அந்த இடம் கிடைக்கவேண்டும் என்று என் காதுபடவே கும்பிட்டாள்.

பேஸ்மென்டில் அவன் எனக்கு வீடியோக்கள் போட்டுக் காட்டினான். ஒருவன் இருநூற்று நாலுதான் என்றான், இன்னொருவன் இருநூற்று இருபத்து மூன்று என்றான், மூன்றாவது ஆள் ஐம்பது அடியில் நின்ற கொயோட்டியைப் பதினேழால் விழுத்திவிட்டு உரோமத்தை ஊதி ஊதி ஓட்டையைத் தேடினான். மச்சான் அந்தக் கடைசி வீடியோவை இரண்டு தடவை போட்டான்.

"ஆளுக்கொரு கதை சொல்லுறாங்கள் அத்தான். நீங்கள்தானே உந்தத் தோலுகளோட இருக்கிறியள். நீங்கள் சொல்லுங்கோ, நான் அதை எடுக்கிறன்."

"பதினேழுதான் தம்பி. ஊசி போன மாதிரித்தான் கிடக்கும்" என்றேன்.

"அதுக்குக் கொயோட்டி விழுமோ?"

"தலையில அடி. தலைத் தோலை ஆர் பாக்கிறது?"

சொல்லும்போது நான் என்ன நினைத்தேன் என்று நினைவிருக்கிறது. அவன் சுடுவான், மிருகம் ஒரு துள்ளுத் துள்ளி ஓடிவிடும், முதலாளி சிரிப்பார், ஒருநாளாவது இவனைப் பார்த்து நாலுபேர் சிரிக்கட்டும் என்று நினைத்தேன். தோளைப் பற்றி நினைக்கவில்லை. மிருகத்தைப் பற்றி நினைக்கவேயில்லை.

கடை லவாலுக்கும் வடக்கே, நெடுஞ்சாலையோரம் இருந்தது. கடைக்காரருக்கு ஆங்கிலம் வராது. கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். நாங்கள் வந்த காரியத்தை நான் சொன்னதும் மூன்று துவக்குகளை எடுத்துப் பச்சைத் துணிமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒவ்வொன்றுக்கும் உரிய ரவையை மச்சானின் உள்ளங்கையில் வைத்தார். பதினேழின் ரவை பென்சில் முனை மாதிரி இருந்தது. மச்சான் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மற்ற இரண்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

கடைக்காரர் தலையை ஆட்டினார். "இது கொயோட்டிக்கு இல்லை" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். "மிகக் கிட்ட நின்று, காற்றில்லாத நாளில், சரியான இடத்தில் பட்டால் விழும். இல்லாவிட்டால் ஓடும். ஓடிப்போய் இரண்டு நாள் கிடந்து சாகும். தோல்தான் கவலை என்றால் இருநூற்று நான்கை எடுக்கச் சொல்லுங்கள். சின்ன ஓட்டை, உடனே சாவு. இரண்டுக்கும் நல்லது."

"என்ன சொல்லுறார் அத்தான்?"

"பதினேழுதான் தோலுக்கு நல்லதாம். மற்றதெல்லாம் பிரிச்சுப்போடுமாம்."

"ஏன் தலையை ஆட்டுறார்?"

"மற்றதுகள் வேண்டாம் எண்டுறார்."

கடைக்காரர் என்னைப் பார்த்து, மச்சானுக்கு விளங்கினதா என்று கேட்டார். நன்றாக விளங்கினது, இருந்தாலும் இதுதான் வேண்டுமாம் என்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் பதினேழைப் பெட்டியில் வைத்தார். மச்சான் அவருக்கு மூன்றுதரம் மெர்சி சொன்னான்.

பிறகு வந்த கிழமைகளில் அவன் சுடும் பயிற்சிக்குப் போய்வந்து கடதாசி இலக்குகளை எனக்குக் கொண்டுவந்து காட்டுவான். ஐம்பது மீட்டரில் ஐந்து வெடியும் ஒரு பொட்டுக்குள் விழுந்திருக்கும். பதினேழு குறி தப்பாத துவக்கு, அதில் குறையில்லை. கடதாசிக்கு உயிர் இல்லை என்பதைத் தவிர. "நீங்கள் சொன்னது சரி அத்தான், ஓட்டை தெரியுதே இல்லை" என்பான். நான் கடதாசியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, ஓம் என்பேன்.

மாசி மாதம் ஒரு சனிக்கிழமை மதியம் போனோம். துவக்கால் சுடுகிற விசயம், பிழைவிடக் கூடாது, மொழி தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் வேண்டும் என்று முதலாளியே என்னையும் வரச்சொல்லியிருந்தார். அவருடைய தம்பியின் சோளத்தோட்டம் அது. அறுத்த தாள்கட்டை மட்டும் பனிக்கு மேலே தெரிந்தது. வண்டியிலிருந்து இறங்கிய உடனே அவர் மச்சானின் துவக்கைக் கண்டுவிட்டார். புருவம் மேலே போனது.

"கொயோட்டிக்கு இதுவா?" என்று என்னிடம் கேட்டார். "சரி, கொண்டுவந்துவிட்டான். அவனிடம் சொல்லுங்கள், ஐம்பது மீட்டருக்குள் வந்தால் மட்டும் சுடட்டும். அதற்கு அப்பால் நின்றால் தொடவேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன்."

இதை நான் மச்சானுக்குச் சொல்லவில்லை. முதலில் மாற்றிக்கூடச் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். "கையுறையைப் போடட்டாம்" என்றேன்.

வேலியோரம் படுத்தோம். முதலாளி ஒரு சின்னக் கருவியைப் பனியில் வைத்து அழுத்தினார். முயல் ஒன்று சாகும்போது கத்துகிற சத்தம் அதிலிருந்து வந்தது. கால் மணித்தியாலத்தில் மரங்களுக்குள்ளிருந்து ஒரு கொயோட்டி வெளியே வந்து, காற்றை மணந்து, நின்றது. நூற்றைம்பது மீட்டர் இருக்கும். காற்று குறுக்கே அடித்தது. முதலாளி கையை உயர்த்திப் பொறு என்று காட்டினார். அந்தக் கை மச்சானுக்கு, முதல் வெடி உனக்கு என்று சொன்னது. விருந்தாளிக்கு முதலில் போடுவதுதானே எங்கள் பழக்கம். அவன் மூச்சைப் பிடித்துத் தலையைக் குறிவைத்துச் சுட்டான்.

சத்தம் சுள்ளி முறிந்ததைப்போல இருந்தது. கொயோட்டி விழவில்லை. இரண்டு தரம் சுழன்று, முன்காலால் தன் முகத்தைப் பிறாண்டியது. பிறகு எங்களைப் பார்த்தது. கீழ்த்தாடை கழன்று தொங்கியது. அப்படியே மரங்களுக்குள் ஓடிவிட்டது.

முதலாளி எழுந்து நடந்தார். ஒன்றரை மணித்தியாலம் இரத்தத்தைப் பின்தொடர்ந்தோம். முதலில் துளித்துளியாக இருந்தது. பிறகு அது படுத்தெழும்பிய இடங்கள் வந்தன. அந்த இடங்களில் பனி கலைந்து, சிவந்து கிடந்தது. தாகத்தில் பனியைத் தின்னப் பார்த்திருக்கிறது, தாடை இல்லாமல் தின்ன முடியவில்லை. முதலாளி ஒவ்வோர் இடத்திலும் நின்று பார்த்துவிட்டுப் போனார். மச்சான் இரண்டாவது இடத்தில் சத்தி எடுத்தான். வாயைத் துடைத்துவிட்டு, "படுடா, எங்கையாவது படுத்திடன்" என்று அந்த மிருகத்திடம் கெஞ்சுவதுபோலச் சொல்லிக்கொண்டே நடந்தான்.

வாய்க்காலுக்குக் குறுக்கே போட்ட சீமெந்துக் குழாய் ஒன்றுக்குள் கிடந்தது. பத்தடி தூரம். முதலாளி மச்சானைப் பார்த்துத் தலையசைத்தார், முடி என்று. மச்சான் குனிந்து குழாய்க்குள் சுட்டான். முதல் சன்னம் கழுத்தில் பட்டது, அது கத்தியது. தாடை இல்லாமல் கத்துகிற சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. இரண்டாவது வயிற்றில். மூன்றாவது எங்கே பட்டதென்று தெரியவில்லை. நாலாவதுக்குப் பிறகும் அது எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அவ்வளவு சின்ன ஓட்டைகள். அந்த நேரத்திலும் என் புத்தி ஒவ்வோர் ஓட்டைக்கும் எத்தனை தையல் என்று எண்ணியது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

முதலாளி மச்சானை ஒதுக்கிவிட்டுத் தன் துவக்கால் ஒரு வெடி வைத்தார். விலாப்பக்கம் முழுதும் திறந்துகொண்டது. மிருகம் ஓய்ந்தது. தோல் ஒன்றுக்கும் உதவாது. அதைக் காகங்களுக்கு விட்டுவிட்டு, கையுறையைக் கழற்றி, மச்சானைத் தாண்டி என்னிடம் வந்தார்.

"இந்தத் துவக்கை இவனுக்கு யார் சொன்னது?"

ஒரு வசனம் போதும். நான்தான் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பனியில் எனக்கு இழக்க ஒன்றும் இருக்கவில்லை. அவர் என் முதலாளி இல்லை, எனக்கு வேண்டிய இடம் எதுவும் அவர் கையில் இல்லை. அப்படியிருந்தும், "நான் வேண்டாம் என்று சொன்னேன். கடைக்காரரும் சொன்னார். கேட்கவில்லை. சின்ன ஓட்டைதான் வேண்டும் என்று நின்றான்" என்று சொன்னேன். நல்ல சுத்தமான பிரெஞ்சில் சொன்னேன்.

முதலாளி மச்சானை நெடுநேரம் பார்த்தார். மச்சான் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

திரும்பி வரும்போது என்னை மொன்ட்ரியால்-நோரில் இறக்கிவிடும்வரை அவன் ரேடியோவைக்கூடப் போடவில்லை. என் வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டுத்தான் கேட்டான்.

"கோவமோ அவர்?"

"இல்லை. முதல் தரம் எல்லாருக்கும் இப்பிடித்தானாம்."

"உங்களிட்ட வந்து என்னவோ கேட்டவர்?"

"உனக்குக் குளிருதோ எண்டு கேட்டவர்."

அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது. நல்ல மனிசன் என்றான். உள்ளே போனதும் என் மனைவி, எப்படிப் போனது என்று கேட்டாள். நல்லாய்ப் போனது என்றேன். சாமிப் படத்தடியில் போய் நின்று திருநீறு எடுத்துப் பூசிவிட்டு எனக்குச் சோறு போட்டாள். நன்றாகத்தான் சாப்பிட்டேன். பசியாக இருந்தது.

பங்குனியில் முதலாளி என்னைக் கூப்பிட்டார். விசயத்தை மச்சானிடம் தெளிவாகச் சொல்லவேண்டும், நீங்களும் வாருங்கள் என்றார். நான் அரைநாள் லீவு போட்டு, மெத்ரோவும் பஸ்ஸும் பிடித்து மச்சானின் பட்டறைக்குப் போனேன். மேசையில் அலுமினியத் தூள் படிந்திருந்தது. கதவுக்கு வெளியே வாள்கள் மதியச் சாப்பாட்டுக்காக நின்றிருந்தன. மச்சான் கைகழுவி, தலை வாரி, புது ஷேர்ட் போட்டுக்கொண்டு வந்து கதிரை நுனியில் இருந்தான்.

முதலாளி ஒவ்வொரு சொல்லாக எனக்குச் சொன்னார். "இவன் நல்ல வேலைக்காரன். நேர்மையானவன். அந்தத் துவக்கைத் தெரிவு செய்தது யார் என்று இங்கே வைத்து நானே ஒருநாள் ஆங்கிலத்தில் கேட்டேன். நான்தான், வேறு ஒருவரும் இல்லை என்றான். நீங்கள் எச்சரித்தும் அவன் கேட்கவில்லை என்று அன்றைக்கு நீங்களும் சொன்னீர்கள்." அதைச் சொல்லும்போது விரலை என் பக்கம் நீட்டினார். "ஆபத்தென்று சொன்ன பிறகும் கேட்காத ஒருவனிடம் பன்னிரண்டு பேரின் கைவிரல்களை நான் ஒப்படைக்க முடியாது. அந்த இடம் வேறொருவருக்கு. இதை அப்படியே சொல்லுங்கள்."

"அந்த இடம் உனக்கில்லையாம் தம்பி" என்றேன். "வேட்டையில நடந்ததுதான் காரணமாம்."

அவன் வலது கையை மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்தான்.

"துவக்கை நீயே எடுத்தனி எண்டு இவரிட்டச் சொன்னியோ?" என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"ஓம். கேட்டவர், சொன்னனான். உங்கட பேரை ஏன் அதுக்குள்ள இழுப்பான்? வீட்டு ஆளை வெளியாளிட்டக் காட்டிக்குடுக்கிறதே அத்தான்?"

வீட்டுக்குள் என்ன சொல்லிச் சிரித்தாலும், வெளியாளின் முன்னால் மூத்தவரின் பெயரைக் கெடுக்கக் கூடாது என்று எங்களை வளர்த்திருக்கிறார்கள். அவன் அதன்படி நடந்தான். அவன் எனக்காகச் சொன்ன பொய்யும், நான் அவனுக்கு எதிராகச் சொன்ன பொய்யும் ஒன்றுக்கொன்று பொருந்தி, முதலாளிக்கு ஒரே உண்மையாகப் போய்விட்டது. அப்போதும் ஒன்றும் பிந்தவில்லை. முதலாளி எங்கள் இரண்டுபேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்தால் கேட்டிருப்பார்.

"உங்களைக் காட்டி என்னவோ சொன்னவர்?" என்றான் மச்சான்.

"உனக்காக நான் எவ்வளவோ கதைச்சனானாம். இருந்தும் ஏலாதாம்."

அவன் எழும்பி என் கையைப் பிடித்தான். கண் கலங்கியிருந்தது. "அவர் சொல்லுறது சரிதான் எண்டு சொல்லுங்கோ அத்தான். நான்தான் கவனமில்லாமல் நடந்துபோட்டன், அவரில கோவமில்லை எண்டு சொல்லுங்கோ."

அதை மட்டும் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். முதலாளி எழுந்து அவனுக்குக் கை கொடுத்தார்.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் இன்னும் பனி கரையவில்லை. நான் பஸ்ஸைப் பிடித்துப் போகிறேன் என்றேன். அவன் கேட்கவில்லை. தன் காரின் திறப்பை என் கையில் வைத்தான்.

"எனக்காக அவ்வளவு தூரம் வந்து கதைச்சியளே, அது காணும் அத்தான். வேலை முடிய இன்னும் மூண்டு மணித்தியாலம் கிடக்கு. குளிருக்குள்ள நிக்காதேங்கோ, காருக்குள்ள இருங்கோ. ஹீட்டரைப் போடுங்கோ. நானே கொண்டுபோய் விடுறன்."

புது ஷேர்ட்டைக் கழற்றி மடித்துப் பின்சீட்டில் வைத்துவிட்டு, வேலைச் சட்டையைப் போட்டுக்கொண்டு உள்ளே போனான். கொஞ்ச நேரத்தில் வாள் ஓடத் தொடங்கியது, கண்ணாடியை ஏற்றியும் கேட்டது. நான் ஹீட்டரைக் கூட்டிவிட்டேன்.